நிறுவனத்திற்கு அந்தரங்கம் உண்டா?

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1397ஆம் ஆண்டிலே ஜியோவானி டி பிச்சி என்னும் மெடிச்சி குலத்தவர் ஒரு வங்கியை நிறுவினார். 1494 வரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நிலைத்திருந்த அவ்வங்கி, பாப்பரசர் முதலாக வணிகர் ஈறாக அக்கால ஐரோப்பாவின் பெரிய மனிதர் பலரோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது. அதன் கணக்குகள் இருவகை ஏடுகளில் எழுதப்பட்டன. அன்றாட வரவு செலவுகள் லிகிதர்கள் எழுதும் சாதாரணப் பேரேடுகளில் இடம்பெற்றன. பங்காளர்களின் மூலதனம் எவ்வளவு, இலாபம் யாருக்கு எந்த விகிதத்திற் போகிறது, முக்கியமான சிலர் வைப்புச் செய்த பணம் எவ்வளவு என்பனவோ வேறோர் ஏட்டில் எழுதிப் பூட்டி வைக்கப்பட்டன. அந்த ஏட்டுக்கு அவர்கள் இட்ட பெயரே 'இரகசிய ஏடு' என்பதாகும்.

வட்டி வாங்குதல் பாவம் என்று திருச்சபை விதித்திருந்த காலம் அது. ஆயினும் திருச்சபையின் உயர்பதவியினர் சிலரே அவ்வங்கியிற் பணத்தை வைத்து, 'வங்கியார் மனமுவந்து அளிக்கும் கொடை' என்ற பெயரில் ஆதாயம் பெற்றனர். பாமர மக்களுக்குப் பாவமாக இருந்தது பெரியோருக்குக் கொடையாக மாறியது. அந்த மாற்றம் நிகழ்வதற்கு மூடிய ஏடு ஒன்று தேவைப்பட்டது. அவ்வேடுகளில் மூன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புளோரன்ஸ் சுவடிக்கூடத்தில் ஆராய்ச்சியாளர் கையில் அகப்பட்டன. பொருளாதார வரலாற்றாசிரியர் றேமண்ட் த றூவர் அவற்றை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட நூலின் வழியாகவே மெடிச்சி வங்கியின் உள்விவகாரங்களை உலகம் விரிவாக அறிந்தது.

ஐந்து நூற்றாண்டுகள் கடந்தபின் அறியும் உண்மை வரலாற்று மாணவருக்குப் பயன்படும். அக்காலத்திற் கடன்பட்டு வாழ்ந்து மடிந்த மக்களுக்கு அதனால் யாது பயன்? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்தில் உருவாகிவரும் ஒரு புதிய இரகசிய ஏட்டினை நாம் ஆராய்தல் வேண்டும்.

2

2008 செப்டெம்பர் 15ஆம் திகதி நியூயோர்க்கின் லீமன் பிரதேர்ஸ் நிறுவனம் வங்குரோத்து அடைந்தது. அடுத்த மாதமே சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் மறைந்திருந்த ஒருவர் அல்லது ஒரு குழுவினர் 'பிட்கொயின்' என்னும் பணமுறை பற்றிய ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3ஆம் திகதி அதன் முதலாவது பக்கம் எழுதப்பட்டது. வங்கிகளுக்கு அரசாங்கம் மீண்டும் கைகொடுக்கப் போகிறது என்ற அன்றைய இலண்டன் பத்திரிகைத் தலைப்பொன்று அப்பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பணமுறைக்கு ஆதாரமான கணக்கேட்டு முறையே புளொக்செயின் எனப்படுவது. அதன் தத்துவம் கடினமானதன்று. நம்மூர்க் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குக் கொப்பி, காரியதரிசியின் மேசையில் மட்டும் இராது அங்கத்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கணக்கு ஒன்று எழுதப்படும்போது எல்லாப் பிரதிகளிலும் அது ஒருங்கே ஏறுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதற்கு முந்திய பக்கத்தின் முத்திரை இருக்கிறது. பழைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்ற விரும்புபவன் அதற்குப் பின்வந்த பக்கங்கள் அனைத்தையும், அத்தனை வீடுகளிலும், மாற்றியாக வேண்டும். ஆகவே திருட்டுத்தனமாகத் திருத்துதல் இயலாத காரியமாகிறது. யாரையும் நம்பவேண்டிய அவசியமில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்பதே அதன் அடிப்படை.

இம்முறை உலகத்தை உய்விக்கும் என்று சிலர் கனவு கண்டனர். அது நிறைவேறவில்லை. பிட்கொயின் சூதாட்டச் சரக்காயிற்று. ஒரு சிறு நாடு செலவிடும் அளவு மின்சாரத்தை விழுங்கலாயிற்று. செல்வமும் பழையபடி ஒரு சிலர் கையிலேயே குவிந்தது. எனினும் அதில் ஒரு நல்ல விதை இருந்தது. கணக்கேடு என்பது அதனால் வாழ்வும் தாழ்வும் அடைவோர் அனைவரும் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணமே அவ்விதை.

3

பெரிய வங்கிகள் முதலில் இதனை எள்ளி நகையாடின. பின்னர் ஊன்றிக் கவனித்தன. ஒரு கம்பனி முறியை விற்று வாங்கினால் பணமும் முறியும் கைமாறி முடிவதற்கு அமெரிக்காவில் நீண்டகாலம் இரண்டு நாள்களோ அதற்கு மேலோ எடுத்தன. 2024 மே மாதத்திலேதான் அது ஒரு நாளாகக் குறைந்தது. அந்த இடைவேளையில் பெருந்தொகைப் பணம் முடங்கிக் கிடக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரே ஏடு இருப்பின் முறியும் பணமும் ஒரே கணத்தில் கைமாறிவிடும். இது வங்கிகளின் ஆவலைத் தூண்டியது. ஆயின் எல்லோரும் பார்க்கலாம் என்ற பகுதி அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஏட்டின் நன்மை வேண்டும், அதன் திறந்த தன்மை வேண்டாம் என்பதே அவர்கள் நிலைப்பாடாயிற்று.

2015இல் ஆர்-3 என்னும் வங்கிக் கூட்டமைப்பு தோன்றியது. 2016இல் ஜே. பி. மோர்கன் வங்கி 'குவோரம்' என்ற பெயரில், கொடுக்கல் வாங்கல்களை மறைக்கக்கூடிய ஒரு புளொக்செயினை வெளியிட்டது. 2023 மே மாதத்திலே டிஜிட்டல் அசெற் என்னும் நிறுவனம், கோல்ட்மன் சாக்ஸ், பி.என்.பி. பரிபா, டொய்ச்ச போர்சே, மைக்ரோசொப்ற் முதலியவை பங்குபற்ற, 'கன்ரன்' என்ற வலைப்பின்னலை அறிவித்தது. நிதி நிறுவனங்களுக்கென்றே அமைந்த, அந்தரங்கத்தைக் காக்கும் புளொக்செயின் என்பது அதன் விளம்பரம்.

அதன் இயக்கத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள திறைசேரி முறியை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கிறது. விற்பவரும் வாங்குபவரும் முழுப் பேரத்தையும் காண்பர். முறிகளைப் பதியும் பதிவாளருக்கு, முறி கைமாறியது மட்டும் தெரியும்; விலை தெரியாது. பணத்தை மாற்றும் வங்கிக்கு, பணம் கைமாறியது மட்டும் தெரியும். எதற்காக என்பது தெரியாது. பேரத்தின் இரு பாதிகளும் ஒன்றாக நிறைவேறும், அல்லது இரண்டும் நிறைவேறா. ஏனையோருக்கு அப்படியொரு பேரம் நடந்ததே தெரியாது. வேண்டுமாயின் மேற்பார்வை அதிகாரி ஒருவருக்குப் பார்க்கும் வசதி அளிக்கலாம். பொறியியல் என்ற வகையில் இது போற்றத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

வங்கிகள் கூறும் காரணங்களையும் நேர்மையாகக் கேட்டாக வேண்டும். ஒரு பெரிய நிதியம் தன்னிடமுள்ள முறிகளை விற்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பிறர் முந்திக்கொண்டு விற்று விலையை வீழ்த்திவிடுவர். அந்த நிதியம் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியமாகவும் இருக்கலாம். மேலும் வங்கியின் ஏட்டில் வங்கியின் கணக்கு மட்டும் இருப்பதில்லை. வாடிக்கையாளரின் சம்பளமும் கடனும் வைத்தியச் செலவும் இருக்கின்றன. அவற்றை உலகறியத் திறந்து வைப்பது கொடுமை. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவ்வுண்மைகளுக்குப் பின்னே ஒரு சொல் மயக்கம் ஒளிந்திருக்கிறது.

4

'அந்தரங்கம்' என்பதும் 'இரகசியம்' என்பதும் ஒன்றல்ல. அந்தரங்கம் உள்ளத்தோடு தொடர்புடைய சொல். ஒரு பெண் தோழிக்கு எழுதும் கடிதம், நோயாளி வைத்தியரிடம் கூறும் செய்தி, ஏழை ஒருவன் கடைக்காரரிடம் கடன் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுதல் ஆகியன அந்தரங்கம். அவை வெளிப்பட்டால் ஒரு மனிதன் கூனிக் குறுகுகிறான். அவனது மானம் காயப்படுகிறது. இரகசியமோ மறைக்கப்பட்ட எந்தச் செய்திக்கும் பொருந்தும். படைத்தளபதிக்கு இரகசியம் உண்டு, கள்ளனுக்கும் உண்டு, கம்பனிக்கும் உண்டு.

கம்பனிக்கு அந்தரங்கம் உண்டா? அதற்கு வெட்கம் உண்டா? இரவில் உறக்கமின்றி அது புரளுகிறதா? சட்டம் அதனை ஓர் 'ஆள்' என்று பாவனை செய்யலாம். அப்பாவனை ஒப்பந்தம் எழுதுவதற்கும் வழக்காடுவதற்கும் வசதியானது. ஆனால் சட்டத்தின் வசதிக்காகச் செய்த பாவனையிலிருந்து மானமுள்ள மனிதனுக்குரிய தார்மிக உரிமைகள் பிறந்துவிடமாட்டா. நிறுவனத்தின் இரகசியத்துக்கு அந்தரங்கம் என்ற பெயரைச் சூட்டும்போது, பலவீனனுக்குரிய கவசம் பலவானுக்கு மாட்டப்படுகிறது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமை வங்கிக்கு உண்டு. அது வாடிக்கையாளரின் உரிமை. அந்தப் போர்வைக்குள் வங்கி தன் சொந்த இலாபத்தையும் ஆபத்தான பேரங்களையும் சேர்த்து மூடிக்கொள்வதற்கு அது அனுமதிப்பத்திரமன்று.

இந்த வேறுபாட்டைத் தன் வாழ்விலேயே எடுத்துக்காட்டியவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் லூயி பிரண்டைஸ். 1890இல் சாமுவேல் வாரன் என்பவரோடு சேர்ந்து, தனிமனிதனின் அந்தரங்கம் சட்டத்தாற் பாதுகாக்கப்படவேண்டிய உரிமை என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பத்திரிகைகளும் அக்காலத்திற் புதிதாகப் பரவிய புகைப்படக் கருவியும் வீட்டு வாழ்வுக்குள் நுழைவதை அக்கட்டுரை எதிர்த்தது. அவரே 1914இல் வெளியிட்ட நூலில், பிறருடைய பணத்தைக்கொண்டு ஆதிக்கம் செலுத்தும் வங்கியாளர்களை வன்மையாகக் கண்டித்து, அவர்களது ஆதிக்கத்துக்கு மருந்து பகிரங்கமே என்று வாதிட்டார். முறிகளை விற்றுக்கொடுக்கும் வங்கியாளர் தாம் அதில் எவ்வளவு ஆதாயம் எடுக்கிறார் என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் ஒன்று. அவர் சாடிய வங்கியாளர்களுள் முதன்மையானவர் மோர்கன்.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர் இதனை முரண்பாடு என்பர். இதில் முரண்பாடு ஏதுமில்லை. மனிதனுக்கு மறைப்பும் அதிகாரத்துக்கு வெளிச்சமும் வேண்டும் என்ற ஒரே கொள்கையின் இரு பக்கங்களே அவை. பிறர் வாழ்வைப் பாதிக்கும் ஆற்றல் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்கு மறைக்கும் உரிமை சுருங்கவேண்டும். ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1795இல் எழுதிய சமாதானம் பற்றிய நூலிலும் இதற்கு அடித்தளமான ஒரு சோதனை உண்டு. பிறரின் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தைப் பகிரங்கமாகச் சொன்னால் அச்செயலே நிறைவேறாது போய்விடுமாயின், அச்செயல் நீதியற்றது என்பதே அதன் சாரம்.

5

இங்கே ஒரு வலிமையான எதிர்வாதம் எழுகிறது. புதிய கணிதம் இந்தப் பழைய முரண்பாட்டையே தீர்த்துவிட்டது என்று அதன் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். ஏட்டைத் திறக்காமலே ஏடு நேர்மையானது என்று நிரூபிக்க முடியுமாயின், திறந்து காட்டு என்று வற்புறுத்துவானேன்?

அவர்கள் குறிப்பிடுவது 'பூச்சிய அறிவு நிரூபணம்' எனப்படும் முறை. கோல்ட்வாசர், மிக்காலி, றக்கொவ் என்னும் மூன்று கணித அறிஞர்கள் 1985இல் இதனை வகுத்தனர். அதன் தத்துவத்தை ஒரு விளையாட்டால் உணரலாம். என்னிடம் ஒரு சிவப்புப் பந்தும் ஒரு பச்சைப் பந்தும் உள்ளன, நண்பர் நிறக்குருடர், இரண்டும் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இரண்டும் வெவ்வேறானவை என்று அவருக்கு நான் நிரூபிக்கவேண்டும். ஆனால் எது சிவப்பு எது பச்சை என்பதைச் சொல்லக்கூடாது. அவர் பந்துகளை முதுகுக்குப் பின்னே கொண்டுபோய், விரும்பினால் கைமாற்றி, விரும்பாவிட்டால் மாற்றாமல், மீண்டும் காட்டுகிறார். மாற்றினாரா இல்லையா என்பதை நான் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்கிறேன். இருபது தடவை சரியாகச் சொன்னபின், நான் ஊகித்துச் சொல்கிறேன் என்று எண்ண அவருக்கு நியாயமில்லை. பந்துகள் வேறானவை என்பதை அவர் அறிந்துகொண்டார். அதற்கு மேல் எதையும் அறியவில்லை.

இம்முறையால் ஒரு வங்கி, தன் கணக்குகளைக் காட்டாமலே, தன் கடனிலும் பார்க்கத் தன் சொத்து அதிகம் என்று நிரூபிக்கலாம்; சட்டம் விதித்த எல்லையைத் தான் மீறவில்லை என்று நிரூபிக்கலாம். மனித அறிவின் அழகான படைப்புகளுள் இது ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வோம்.

ஆயின் இந்த நிரூபணம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கேளாத கேள்விக்கு அதனிடம் விடையில்லை. கேள்வியை வகுப்பவர் யார் என்பதே இங்கு அடிப்படைப் பிரச்சினை.

லீமன் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. அந்நிறுவனம் ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் 'றீப்போ 105' என்ற உபாயத்தைக் கையாண்டது. உண்மையிற் கடனாக இருந்த கொடுக்கல் வாங்கலை விற்பனை என்று எழுதி, காலாண்டு முடியும் நாளிலே தன் ஏட்டினைச் சுருக்கிக் காட்டியது. புதிய காலாண்டு தொடங்கியபின் அப்பொருள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2008இன் முதலிரு காலாண்டுகளில் இவ்வாறு மறைந்த தொகை ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 5,000 கோடி டொலர். கணக்கியல் விதி இதற்கு இடங்கொடுக்கிறது என்றே அந்நிறுவனத்தார் கூறினர். அன்று ஒருவர் அதனிடம், 'உன் கடன் விகிதம் குறித்த அளவுக்குள் இருக்கிறதா?' என்று கணித நிரூபணம் கேட்டிருந்தால், ஏட்டில் எழுதப்பட்டிருந்த எண்களைக்கொண்டே அந்நிரூபணம் ஒரு பிழையுமின்றிக் கிடைத்திருக்கும். பந்துகள் இரண்டும் வேறானவை என்று நிரூபிக்கப்பட்டிருக்கும். மேசைக்கடியில் மூன்றாவது பந்து இருந்தது தெரிந்திராது.

உண்மை வெளிவந்தது எவ்வாறு? நீதிமன்றம் நியமித்த பரிசோதகர் ஒருவர் ஏடுகளையும் கடிதங்களையும் திறந்து, யாரும் முன்னர் கேளாத கேள்விகளைக் கேட்டு, 2010 மார்ச்சில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையாக வெளியிட்டார். நீதியைத் தேடுபவன் தான் எதைத் தேடுகிறான் என்பதைத் தொடக்கத்திலே அறிவதில்லை. ஏட்டைப் புரட்டும்போதுதான் கேள்வி பிறக்கிறது. புரட்ட முடியாத ஏட்டிலே அந்தக் கேள்வி பிறப்பதற்கே வழியில்லை.

மேற்பார்வை அதிகாரி பார்ப்பார் அல்லவா என்று கேட்கலாம். 2008 மார்ச்சுக்குப் பின்னர் அமெரிக்க மத்திய வங்கியின் நியூயோர்க் கிளை அலுவலர்கள் லீமன் நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருந்தனர். பார்க்கும் வசதியும் பார்க்கும் துணிவும் ஒன்றல்ல. பொதுமக்களும் பத்திரிகையும் ஆராய்ச்சியாளரும் பின்னின்று நெருக்காத இடத்தில் அதிகாரியின் கண் இலேசில் மங்கிவிடும்.

6

இதே கணிதம் சாதாரண மனிதனின் கையில் அகப்பட்டபோது நடந்தது வேறு கதை. 'ரொர்னாடோ காஷ்' என்பது திறந்த புளொக்செயினிலே பணம் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் உள்ள தொடர்பை மறைக்கும் ஒரு கணினி ஏற்பாடு. பூச்சிய அறிவு நிரூபணமே அதற்கும் அடிப்படை. தன் சேமிப்பு முழுவதும் ஊரார் கண்ணிற் படுவதை விரும்பாதவரும் அதைப் பயன்படுத்தினர், கொள்ளையரும் பயன்படுத்தினர். வடகொரிய அரசோடு தொடர்புடைய கணினிக் கொள்ளையரின் பெருந்தொகைப் பணம் அதனூடாகச் சென்றது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் திறைசேரி அதன்மீது தடை விதித்தது. அதனை ஆக்கியோருள் ஒருவர் சில நாள்களில் நெதர்லாந்திற் கைதாகி, 2024இல் ஐந்தாண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இன்னொருவர் 2025 ஆகஸ்டில் நியூயோர்க்கில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளியாகக் காணப்பட்டார். இதற்கிடையில், அத்தடை சட்டத்தின் எல்லையை மீறியது என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2024 நவம்பரில் தீர்ப்பளிக்க, 2025 மார்ச்சிலே தடை நீக்கப்பட்டது.

கள்ளப் பணத்தைத் தடுப்பது அரசின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டுப்பாட்டுக்குட்பட்ட வங்கியும் யாருக்கும் கட்டுப்படாத ஏற்பாடும் ஒன்றல்ல என்ற சட்டவாதத்திலும் நியாயம் உண்டு. எனினும், தடை விதிக்கப்பட்டு ஓராண்டு முடியுமுன்னரே பெருவங்கிகளுக்கான மறைப்பு ஏடு பெருமையோடு அறிவிக்கப்பட்டதைக் காணும்போது, சிந்திப்பவன் உள்ளத்தில் ஐயம் எழாமல் இராது. தனிமனிதன் மறைத்தால் அது சந்தேகத்துக்குரியதாகிறது. நிறுவனம் மறைத்தால் அது பண்டமாக விற்கப்படுகிறது.

7

இது எங்கோ நியூயோர்க்கில் நடக்கும் விவகாரம் என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. இலங்கையர் இதன் விலையைச் செலுத்தியிருக்கின்றனர்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவற்றுள் சர்வதேச இறைமை முறிகள் மட்டும் ஏறக்குறைய 1,250 கோடி டொலர். அம்முறிகள் அவ்வாண்டிலே சந்தையில் தம் முகப்பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கைமாறின. முறியுடையோரின் குழுவொன்று அரசாங்கத்தோடு பேரம் பேசியது. ஆனால் ஒவ்வொரு முறியும் யார் கையில் இருந்தது, வீழ்ச்சிக்கு முன் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் யார், வீழ்ச்சிக்குப் பின் மலிவு விலையில் வாங்கி முழுத்தொகைக்கு உரிமை கோரியவர் யார், எந்த விலைக்கு வாங்கினர் என்பனவற்றைக் கடனைச் சுமந்த குடிமக்கள் அறியவில்லை. அவை வியாபார இரகசியம். பிரண்டைஸ் 1914இல் வெளியிடுமாறு கோரிய வகையைச் சேர்ந்த செய்திகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் மூடியே இருந்தன. அவற்றை மூடுவதற்குப் புளொக்செயின் தேவைப்படவில்லை. இனி வரும் ஏடுகள் அந்த மூடியைக் கணிதத்தால் முத்திரையிடும்.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, திறைசேரி முறிகளின் பளுவைச் சுமக்குமாறு முக்கியமாகக் கேட்கப்பட்டவை ஓய்வுகால நிதியங்கள். வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. புதிய முறிகளுக்கு மாறச் சம்மதியாத நிதியங்களுக்குக் கூடிய வரி என்று சட்டம் செய்யப்பட்டது. தனியார்துறைத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியம் மாறியது. இழந்தவர் யார் என்பதில் எவ்வித இரகசியமும் இருக்கவில்லை.

அதே ஆண்டில் 'அஸ்வெசும' என்ற நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உதவி நாடிய குடும்பங்கள் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்களால் அளக்கப்பட்டன. கூரை எத்தகையது, மின்சாரம் எவ்வளவு, வீட்டில் நோயாளி உண்டா என்றெல்லாம் கேட்கப்பட்டது. தெரிவானோர் பட்டியல் வெளியிடப்பட்டு, தகுதியற்றவர் இடம்பெற்றிருப்பின் ஆட்சேபனை தெரிவிக்குமாறும் மக்கள் அழைக்கப்பட்டனர். பொதுப்பணம் உரியவரைச் சேரவேண்டும் என்பதால் விசாரணை தேவைதான். ஆனால் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். மாதம் சில ஆயிரம் ரூபாவுக்காக ஒரு தாய் தன் அடுப்படியைத் திறந்து காட்டினாள். கோடிக்கணக்கான டொலருக்கு உரிமை கோரியவர் தாம் வாங்கிய விலையைச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பூச்சிய அறிவு நிரூபணம் உண்மையில் யாருக்குத் தேவை என்பது இங்கே துலங்குகிறது. தான் உதவிக்குத் தகுதியானவள் என்பதை, வறுமையின் ஒவ்வொரு விவரத்தையும் அயலார் முன் பரப்பாமல் அத்தாய் நிரூபிப்பதற்கு இக்கணிதம் மிகப் பொருத்தமானது. மானத்தைக் காக்கும் கருவி அது. அதனை மானமுள்ளவருக்கு முதலில் கொடுப்பதே முறை.

8

இடதுசாரிகளாகிய நாம் நமது பக்கத்தையும் ஒளியாமற் பார்த்தல் நன்று. 1917 செப்டெம்பரில் லெனின் எழுதிய துண்டுநூலொன்று, நெருங்கிவரும் பேரழிவைத் தடுப்பதற்கான நடவடிக்கைகளுள் ஒன்றாக வியாபார இரகசியத்தை ஒழிக்குமாறு கோரியது. வங்கிகளின் ஏட்டை மக்கள் பார்க்காதவரை எந்தக் கட்டுப்பாடும் வெறும் பேச்சே என்ற அவ்வாதம் இன்றும் வலியது. ஆனால் அக்கோரிக்கையின்மீது எழுந்த அரசே 1937இல் தான் எடுத்த குடிசன மதிப்பீட்டின் எண்கள் தனக்கு உவப்பாக இல்லாமையால் அவற்றை மறைத்து, எண்ணியோரையே சிறையிட்டது. 1932-33 பஞ்சத்தில் மடிந்தோரின் வெற்றிடம் அவ்வெண்களில் தெரிந்தது. ஏடு முதலாளியின் கையிலிருந்து அதிகாரியின் கைக்கு மாறினால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டியதில்லை. அரசும் ஒரு நிறுவனமே. அதற்கும் இரகசியங்கள் உண்டு, அந்தரங்கம் இல்லை.

எனவே நாம் கோரவேண்டியவை யாவை? தொழில்நுட்பத்தை உடைக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. விற்கப்போகும் முறியின் விவரம் விற்று முடியும்வரை மறைந்திருப்பதில் நியாயம் உண்டு. முடிந்து குறித்த காலம் சென்றபின் அது தானாகவே திறக்கவேண்டும். மூடுவதற்குப் பயன்படும் அதே கணிதத்தைக்கொண்டு, திறக்கும் நாளையும் ஏட்டிலேயே எழுதிவைக்கலாம். நாட்டின் கடன், மக்களின் சேமிப்பு, பொதுமக்கள் மீட்டெடுக்கவேண்டி வரக்கூடிய வங்கி ஆகியவை சம்பந்தப்பட்ட இடங்களில், யார் வைத்திருக்கிறார், என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்கும் உரிமை கடனைச் சுமப்போருக்கு இருத்தல் வேண்டும். பார்க்கும் திறவுகோல் அதிகாரி ஒருவரின் மேசை இழுப்பறையோடு நின்றுவிடலாகாது. மறுபுறத்திலே, தனிமனிதன் அரசிடமோ வங்கியிடமோ செல்லும்போது, தேவையான ஒன்றை மட்டும் நிரூபித்து ஏனையவற்றைத் தன்னுள்ளே வைத்துக்கொள்ள இடமளிக்கவேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு முதலில் ஏட்டை வாசிக்கக் கற்றாக வேண்டும். வட்டியும் முறியும் மறைகுறியும் நிபுணர்களின் விஷயங்கள், நமக்கு எட்டாதவை என்ற எண்ணமே இரகசிய ஏட்டின் முதற் பூட்டு. அதனைக் கழற்றும் வேலை பாடசாலையிலும் வாசகசாலையிலும் தொடங்கக்கூடியது. கணித ஆசிரியர் ஒருவர் இரண்டு பந்துகளோடு பூச்சிய அறிவு நிரூபணத்தை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம். அப்போது ஒரு மாணவன், 'சேர், மூன்றாவது பந்து இருக்கிறதா என்று எப்படி அறிவது?' என்று கேட்பானாயின், அப்பாடம் நிறைவேறியது.

மெடிச்சி வங்கியின் பங்காளர் எவ்வளவு இலாபம் பெற்றனர் என்பதை நாம் இன்று நன்கறிவோம். அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டியிருந்தவர்கள் மண்ணோடு மண்ணாகி ஐந்நூறு ஆண்டுகளாயின. நமது பிள்ளைகள் செலுத்தப்போகும் கடனின் ஏட்டை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாசிக்கக் கூடியதாகச் செய்வது நம் கடமையாகும்.